மீதிப் பத்து நாள்

“ஐயா, என்னைய அவங்ககூடவே அனுப்பி வச்சிடுங்கய்யா.”

அந்தக் குரல் கேட்டபோது நான் நடுவர் முன்னால் நின்று, அந்த மனிதரைப் போலீஸ் காவலுக்கு அனுப்பவே கூடாது என்று வாதாடிக்கொண்டிருந்தேன். வாதம் பாதியில் இருந்தது. பேசியவர் எதிர்த் தரப்பு அல்ல. என் கட்சிக்காரர்.

பெரம்பலூரில் ஒரு குற்றவியல் நடுவர் மன்றம். முற்பகல். மின்விசிறிக் காற்றில் மனு பறந்துவிடாமல் அதன் மேல் ஸ்டேப்ளரை வைத்திருந்தார் பெஞ்ச் கிளார்க். கூண்டுக்குள் செல்லமுத்து கைகூப்பி நின்றார். அவர் சட்டையிலிருந்து பினாயில் வாடை வந்தது. கிளைச் சிறையில் அன்று காலை தரை கழுவியிருப்பார்கள் போலும்.

நடுவர் இளைஞர். பரீட்சை எழுதி வந்து இரண்டு வருடம் ஆகியிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அரசு வக்கீலும் என்னைப் பார்த்தார். மனுப் போட்ட இன்ஸ்பெக்டர்கூட என்னைத்தான் பார்த்தார்.

“மேடம், உங்க கட்சிக்காரர்கிட்ட நீங்க பேசிட்டீங்களா?” என்றார் நடுவர்.

பேசியிருந்தேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

வெங்காய மூட்டைக்கு அடியில்

செல்லமுத்து அரியலூர்ப் பக்கத்துக்காரர். நாற்பதை நெருங்கும் வயது. குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன சரக்கு வண்டி ஒன்றை வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். வாலிகண்டபுரம் பக்கத்திலிருந்து திருச்சிக்குச் சின்ன வெங்காயம் ஏற்ற வேண்டும் என்று ஒரு ஆள் கூப்பிட்டான். போனார். ஏற்றினார்கள். சிறுவாச்சூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது போலீஸ் வந்து வண்டியைச் சோதித்தது.

மேலே வெங்காயம். அடி வரிசையில் இரண்டு மூட்டைகளில் செம்புக் கம்பி. வயல்களில் இருந்த மோட்டார்களை உடைத்து உருவியது. கூப்பிட்டு, வண்டியில் கூடவே வந்த ஆள் டீ கிளாஸை வைத்துவிட்டுக் கடைக்குப் பின்பக்கம் போனவன், போனவன்தான். வண்டியோடு நின்றது செல்லமுத்து மட்டும்.

எனக்குத் தெரியாது என்றார் அவர். தெரியாமல் மூட்டை ஏற்றுவாயா என்றது போலீஸ். மறுநாள் நடுவர் முன் நிறுத்தினார்கள். வக்கீல் வைக்க வழியில்லை என்றார். சட்ட உதவி மையம் என் பெயரை எழுதிக் கொடுத்தது. அப்படித்தான் அவர் என்னிடம் வந்தார்.

அவருக்குத் தெரியுமா, தெரியாதா? என்னிடம் யாரும் கேட்டால் இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

அன்று நடுவர் சொன்னது, “பதினைந்து நாள் நீதிமன்றக் காவல்.” ஐந்தாம் நாள் போலீஸ் மனுப் போட்டது. மூன்று நாள் போலீஸ் காவல் கிடைத்தது. வெங்காயம் ஏற்றிய வயலைக் காட்டினார். கூப்பிட்டவனின் போன் நம்பரைச் சொன்னார். அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. திரும்பவும் கிளைச் சிறை.

இரண்டும் காவல்தான். ஆனால் ஒன்றில் ஆள் சிறையில் இருப்பார். போலீஸ் தொட முடியாது. இன்னொன்றில் ஆளைப் போலீஸே கூட்டிக்கொண்டு போய் வைத்து விசாரிக்கும். எங்களுக்கு இது அரிச்சுவடி. கூண்டில் நிற்கிறவருக்குக் காதில் விழுவது “காவல்” என்ற சொல்லும் “பதினைந்து” என்ற எண்ணும்தான் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

நான் டைப் அடித்த சட்டம்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், வக்கீலாவதற்கு முன்னால் நான் ஒரு சீனியர் வக்கீலிடம் டைப்பிஸ்ட். ஜெயங்கொண்டம் பஸ்ஸில் வந்து, நாள் முழுக்க மனு அடித்துவிட்டுத் திரும்பிப் போவேன். சட்டம் படித்தது பிற்பாடு.

படிப்பதற்கு முன்பே சில வரிகள் விரலில் ஏறியிருந்தன. ‘முதல் பதினைந்து நாட்களுக்குப் பிறகு எக்காரணம் கொண்டும் போலீஸ் காவல் வழங்க இயலாது’ என்ற வரியை எத்தனை தடவை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. சீனியர் வாய் திறப்பதற்கு முன்பே விரல் அடித்துவிடும்.

அன்று கோர்ட்டிலும் அதையேதான் சொன்னேன். ரிமாண்ட் ஆகி மூன்று வாரம் தாண்டிவிட்டது, இனிமேல் போலீஸ் காவல் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

அரசு வக்கீல் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. புதுச் சட்டப் புத்தகத்தைப் பிரித்து, பென்சிலால் கோடு போட்ட பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“மேடம், இப்ப அப்படி இல்ல. பதினஞ்சு நாளைத் துண்டு துண்டா கேக்கலாம். இந்த மாதிரி கேஸுக்கு முதல் நாப்பது நாளுக்குள்ள எப்ப வேணாலும்.”

எனக்குத் தெரியாமல் இல்லை. புதுச் சட்டம் வந்ததும் நடந்த பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவள்தான். ஆனாலும் நின்று பேசும்போது வாயில் வந்தது பழைய வரி. வெட்கத்தில் காது சுட்டது. அடுத்த வாதத்துக்குத் தாவினேன்: மூன்று நாள் விசாரித்துக் கிடைக்காதது இனி என்ன கிடைக்கப் போகிறது?

அந்த இடத்தில்தான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

எழுதப்படாத இரண்டு நாள்

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். நாள் கணக்கு என்றால் எனக்கு ஏன் உயிர் என்று அப்போதுதான் புரியும்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், உடையார்பாளையம் பக்கத்தில் ஒரு வாய்க்கால் தகராறு. யார் யாரை அடித்தார்கள் என்று இன்றுவரை எங்கள் வீட்டில் இரண்டு கதை உண்டு. என் சித்தப்பாவை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் பார்த்தேன். அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாய் கொப்பளிக்கக்கூட விடவில்லை. கன்னத்தில் நுரையோடு போனார்.

திங்கட்கிழமை கோர்ட்டில் நிறுத்தினார்கள். காகிதத்தில் கைது செய்த நாள் ஞாயிறு என்று இருந்தது. இருபத்து நாலு மணி நேரத்துக்குள் ஆஜர் செய்தாகிவிட்டது, சட்டப்படி எல்லாம் சரி.

வெள்ளியும் சனியும் எங்கே போயின என்று நான் அப்பாவிடம் கேட்டேன். அப்பா, “பேசாம இரு” என்றார். சித்தப்பா ஜாமீனில் வந்த பிறகு அந்த இரண்டு நாளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பல் தேய்க்கும்போது யாராவது கூப்பிட்டால் மட்டும் அப்படித் திடுக்கிட்டுத் திரும்புவார்.

அதனால் எனக்கு எல்லை என்றால் நல்லது. இத்தனை நாள்தான், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று சட்டம் சொல்வது நல்லது. அந்த எல்லை ஒரு மனிதரைக் குழியில் இறக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

வராந்தாவில்

நடுவர் பத்து நிமிடம் கொடுத்தார். எஸ்கார்ட் போலீஸ்காரர் இரண்டடி தள்ளி நிற்க, வராந்தாவில் செல்லமுத்துவிடம் பேசினேன். அவர் மனைவி கொளஞ்சியும் வந்திருந்தார். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை.

“என்ன செல்லமுத்து, தெரிஞ்சுதான் பேசுறீங்களா? அவங்ககூட போனா உங்களைக் கேட்டுக் கேட்டு எதையாச்சும் சொல்ல வைப்பாங்க. நான் வேணாம்னு மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கிறேன், நீங்க அனுப்புங்கன்னு சொல்றீங்க.”

“அது முடிஞ்சாத்தான மேடம் நான் வூட்டுக்குப் போவ முடியும்?”

“எது முடிஞ்சா?”

“அந்தப் பதினஞ்சு நாளு. மூணு கழிஞ்சிருச்சு. இன்னம் பன்னெண்டு இருக்கு. சீக்கிரமா கழிச்சுட்டா வுட்டுருவாங்கல்ல?”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெல்ல மெல்லப் புரிந்தது. சிறையில் கூட இருந்த ஒருவர் சொல்லியிருக்கிறார்: போலீஸ் ஒரு ஆளைப் பதினைந்து நாள்தான் வைத்திருக்க முடியும், அதற்கு மேல் சட்டத்தில் இடம் கிடையாது. சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். செல்லமுத்து அதைத் தண்டனைக் கணக்காக எடுத்துக்கொண்டுவிட்டார். சிறையில் இருக்கும் நாள் எல்லாம் வீண், போலீஸோடு இருக்கும் நாள்தான் கழியும் என்று.

கொளஞ்சியின் கணக்கு வேறு.

“அன்னிக்கு ஜட்ஜய்யா பதினஞ்சு நாளுன்னுதான சொன்னாங்க. பதினாறாம் நாளு காலையில புதுச் சட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு ஜெயிலு வாசல்ல போயி நின்னேன். இன்னும் பதினஞ்சு நாளுன்னுட்டாங்க. எதுக்குன்னு கேட்டேன். ஒண்ணுஞ் சொல்லல. நீங்களாச்சும் சொல்லுங்க வக்கீலம்மா, எந்தப் பதினஞ்சு நெசம்?”

நான் சொன்னேன். சிறைக் காவலைப் பதினைந்து பதினைந்து நாளாக நீட்டுவார்கள், அது வேறு. போலீஸ் காவல் மொத்தம் பதினைந்து நாள்தான், அது வேறு. அதையும் நாற்பது நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். அறுபது நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் உரிமை. பதினைந்து நாளும் போலீஸில் இருந்து முடித்தாலும் அதற்காக யாரும் விடமாட்டார்கள்.

சொல்லச் சொல்ல என் பேச்சே எனக்கு விளங்காமல் போய்க்கொண்டிருந்தது. பதினைந்து, நாற்பது, அறுபது. செல்லமுத்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், “சரிங்க மேடம். அப்ப இன்னிக்கு அனுப்பிருவாங்கல்ல?” என்றார்.

உள்ளே போய் நடுவரிடம், என் கட்சிக்காரர் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு பேசுகிறார், அவர் சம்மதத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சொன்னேன். நடுவர் வெகுநேரம் எழுதினார். போலீஸ் ஐந்து நாள் கேட்டிருந்தது. இரண்டு நாள் கொடுத்தார். போகும்போதும் வரும்போதும் டாக்டர் பார்க்க வேண்டும், நான் நடுவில் ஒருமுறை சந்திக்கலாம் என்று நிபந்தனை.

கூண்டிலிருந்து இறங்கும்போது செல்லமுத்து முகத்தில் ஒரு தெளிவு. இரண்டு நாள் கழியப் போகிறது.

ஸ்டேஷனில்

மறுநாள் மத்தியானம் போனேன். நெடுஞ்சாலை ஓரத்து ஸ்டேஷன். லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலத்திலிருந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் செல்லமுத்து. என்னைக் கண்டதும் எழுந்தார். இலையைக் கீழே வைக்காமலே எழுந்தார்.

“அடிச்சாங்களா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

“இல்லீங்க மேடம்.” பிறகு தானாகவே இன்னொரு தடவை, “இல்லீங்க மேடம்” என்றார். இரண்டாவது தடவை நான் கேட்கவில்லை.

டாக்டர் சான்றிதழில் காயம் எதுவும் இல்லை. பிற்பாடும் இல்லை. நான் பார்த்த வரையிலும் இல்லை. இருந்தாலும் அந்த இரண்டாவது ‘இல்லீங்க’ என் மனதில் அப்படியே நிற்கிறது.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். அவருக்கே ஏதோ குழப்பம் இருந்தது.

“என்ன மேடம் இது. எதைக் கேட்டாலும் ஆமாங்கிறாரு. பழைய கேஸு நாலு இருக்கு. நாலுக்கும் ஆமாம். ஒரு மோட்டாரைக் கிணத்துல போட்டேன்னாரு. காலையில ஆளை விட்டுத் தேடுனோம், ஒண்ணும் இல்ல. அப்புறம் பாத்தா அந்தக் கேஸு நடந்தப்ப இவரு வண்டியே வாங்கலையாம்.”

நான் செல்லமுத்துவைப் பார்த்தேன். “ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“கோவப்பட்டு நாளைக் கொறைச்சுருவாங்களோன்னு பயந்துட்டேன் மேடம்.”

போலீஸிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் சாட்சியமாகாது. ஆனால் அவர் சொன்ன இடத்தில் பொருள் ஏதாவது கிடைத்திருந்தால் அது அவர் கழுத்தைச் சுற்றியிருக்கும். அந்தக் கிணற்றில் யாரோ போட்ட ஒரு பழைய மோட்டார் கிடந்திருந்தால்? அவரிடம் திரும்பவும் முதலிலிருந்து விளக்கினேன். இந்தத் தடவை எண் எதையும் சொல்லவில்லை. “தெரிஞ்சதுக்குத் தெரியும்னு சொல்லுங்க. தெரியாததுக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க. அது போதும்.”

“சரிங்க மேடம்” என்றார். எத்தனையாவது ‘சரிங்க’ என்று தெரியவில்லை.

நாற்பதா, நாற்பத்தொன்றா

சிறுவாச்சூர்க் கோயில் திருவிழாப் பந்தோபஸ்து வந்துவிட்டதால் போலீஸ் அப்புறம் கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வரவில்லை. நான் ஜாமீன் மனுப் போட்டேன். கூட்டாளி தலைமறைவு என்று தள்ளுபடி ஆனது. பிறகு ஒரு நாள் மூன்றாவது காவல் மனு வந்தது. மொத்தம் பதினைந்தில் ஐந்து போக மீதிப் பத்து நாளும் வேண்டும்.

இந்த முறை பழைய வரியை நம்பவில்லை. முந்தின நாளே வீட்டில் காலண்டரை எடுத்து எண்ணினேன். ரிமாண்ட் ஆன நாளைச் சேர்த்தால் மனு வரும் நாள் நாற்பத்தொன்று. சேர்க்காவிட்டால் நாற்பது. மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் அதே இழுபறி.

கோர்ட்டிலும் அதே. பெஞ்ச் கிளார்க் விரல் விட்டு எண்ணி நாற்பது என்றார். நான் நாற்பத்தொன்று என்றேன். இன்ஸ்பெக்டர் தன் டைரியில் எண்ணி முப்பத்தொன்பது என்றார். அந்த மாதத்துக்கு முப்பத்தொன்று என்பதை மறந்துவிட்டார். நடுவர் எழுந்து சுவர்க் காலண்டர் பக்கம் போய்த் தானே பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். நீதிபதி ஒருவர் முதுகைக் காட்டி நின்று எண்ணுவதை நான் அன்றுதான் பார்த்தேன். கோர்ட்டே கூடச் சேர்ந்து வாய்க்குள் எண்ணியது.

“நாப்பதுன்னே வச்சுக்கிட்டாலும்,” என்றார் திரும்பி வந்து, “இன்னிக்கு ஒரு நாள்தான் இருக்கு. பத்து நாள் எப்படிக் கேக்குறீங்க?”

“அந்த ஒரு நாளாவது கொடுங்க சார்” என்றார் அரசு வக்கீல்.

அறுபது நாள் கணக்கில் ரிமாண்ட் நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் நகலைக் கொடுத்து, அறுபதுக்கு ஒரு கணக்கு, நாற்பதுக்கு ஒரு கணக்கு இருக்க முடியாது என்றேன். அது சரியான வாதமா என்று எனக்கே கொஞ்சம் சந்தேகம். நடுவர் படித்தார். மறுபடி படித்தார்.

“மனு தள்ளுபடி.”

நான் ஜெயித்துவிட்டேன். இனிமேல் இந்த வழக்கில் போலீஸ் அவரைத் தொட முடியாது. திரும்பிப் பார்த்தேன். செல்லமுத்து கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். சத்தமே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

“பத்து நாளு பாக்கி கெடக்கே மேடம். இனி அதை எப்பக் கழிக்கிறது?”

மறிப்புக் கட்டைக்கு அப்பால் நின்ற கொளஞ்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் புருஷனின் விடுதலையை நான் எழுந்து நின்று பேசிக் கெடுத்துவிட்டேன் என்ற பார்வை. பதில் எனக்குத் தெரியும், அவர்கள் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியவில்லை. எஸ்கார்ட் போலீஸ்காரர்தான், “அழுவாதீங்கண்ணே, இது உங்களுக்கு நல்லதுதான்” என்று அவர் கையைப் பிடித்து இறக்கினார். நான் சொன்னதைவிட அவர் சொன்னது கொஞ்சம் உள்ளே போனது போல இருந்தது.

அறுபத்தொன்றாம் நாள் காலை

அதன் பிறகு நான் ஒவ்வொரு நாளும் எண்ணினேன். அறுபது முடிந்தது. குற்றப்பத்திரிகை வரவில்லை. அறுபத்தொன்றாம் நாள், நான் குடியிருக்கும் அரியலூரில் முதல் பஸ்ஸைப் பிடித்து, கோர்ட் அலுவலகக் கதவு திறக்கும்போதே மனுவோடு நின்றேன். பெற்றுக்கொண்ட நேரத்தை எழுதித் தரச் சொல்லி வாங்கினேன். மத்தியானம் போலீஸ் குற்றப்பத்திரிகைக் கட்டோடு வந்து சேர்ந்தது. சில மணி நேரம் பிந்திவிட்டது. ஜாமீன் உத்தரவானது.

ஜாமீன்தாரர்கள் கையெழுத்து, அது இது என்று மேலும் இரண்டு நாள். வெளியே வந்த செல்லமுத்து என்னை வந்து பார்த்தார். பக்கத்தில் கொளஞ்சி. முகத்தில் சந்தோஷமா, சந்தேகமா என்று பிரிக்க முடியாத ஏதோ ஒன்று.

“முடிஞ்சுதுங்களா மேடம்?”

வழக்கு முடியவில்லை என்றேன். இப்போதும் முடியவில்லை. விசாரணை தொடங்கவில்லை. அந்த வெங்காயக்காரன் அகப்படவில்லை. கிணற்றில் போட்டதாகச் சொன்னது உட்பட அந்த நாலு பழைய வழக்கிலும் அவர் பெயர் சேரவில்லை. அதுவரை நிம்மதி.

உத்தரவைப் படித்துச் சொன்னேன். தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்.

“எத்தினி நாளைக்கும்மா?” என்றார் கொளஞ்சி.

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். எனக்குத் தெரியும், இருந்தாலும் பார்த்தேன். ‘மறு உத்தரவு வரும் வரை’ என்று இருந்தது.

“எண்ணு போடலை” என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினைந்தையும் நாற்பதையும் அறுபதையும் சொன்ன வக்கீல், முதல் தடவையாக எண் இல்லை என்கிறாளே என்று நினைத்திருப்பார்கள். கொஞ்ச நாள் ஒழுங்காகப் போட்டால் குறைக்கச் சொல்லி மனுப் போடலாம் என்றேன். செல்லமுத்து தலையாட்டவில்லை. “சரிங்க” என்றும் சொல்லவில்லை. “கொஞ்ச நாளுன்னா?” என்று மட்டும் கேட்டார். அவர் என்னிடம் திருப்பிக் கேட்ட கேள்விகளில் அதுதான் எனக்குப் பிடித்தது.

மறுநாள் பதினொரு மணிக்குப் போன் வந்தது. பின்னால் லாரிச் சத்தம்.

“மேடம், செல்லமுத்து பேசுறேன். கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னியோட ஒண்ணுங்க மேடம்.”

“சரிங்க செல்லமுத்து” என்றேன்.

“நோட்டு ஒண்ணு வாங்கியிருக்கேன். இனிமே நானே எழுதி வச்சுக்கிறேன்” என்றார்.